மற்றவர்கள் முன்னால் கிறிஸ்தவனாக வாழ்வது: நடிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, நீங்கள் கிறிஸ்தவர் என்று கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். விசுவாசத்தைப் பற்றிப் பேசினால் பெருமையடிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். பேசாமல் இருந்தால் ஆண்டவரை மறுதலிக்கிறோமோ என்று உறுத்தல். இதற்கு நடுவில் போன மாதம் ஒரு வாடிக்கையாளரிடம், அனுப்பாத சரக்கை "நேற்றே அனுப்பிவிட்டோம்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன்தானே நீ?" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து வாயைத் திறக்கவே தகுதி இல்லாதவன்போல் இருக்கிறது, உண்மையான சாட்சியோடு வாழ்வது எப்படி என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று. அந்தக் கேள்வி உங்களைச் சுட்டது நல்லது. சுடாமல் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அவர் கேலிக்குக் கேட்டிருக்கலாம், ஆனால் உங்கள் விசுவாசத்துக்கும் உங்கள் பேச்சுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்.

நீங்கள் சொல்லும் இரண்டு பயத்தையும் நான் வருடக்கணக்கில் சுமந்திருக்கிறேன். வேலைக்குப் போன புதிதில், மதியம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஜெபிக்க வேண்டும், ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. அதனால் நெற்றியில் கையை வைத்து, தலைவலிக்குத் தேய்ப்பதுபோல் இரண்டு மூன்று முறை தேய்ப்பேன், அந்த நேரத்துக்குள் கண்ணை மூடி மனசுக்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஒருநாள் எதிரில் இருந்த அக்கா, "தினமும் இந்த நேரத்துக்குத் தலை வலிக்கிறதே, கண்ணைக் காட்டினீர்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நான் ஜெபத்தை மறைக்கவில்லை, ஜெபத்தை வைத்தே ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. மறுநாள் கையை மடியில் வைத்துத் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த அக்கா மட்டும், நான் கண்ணைத் திறக்கும்வரை தன் டப்பாவைத் திறக்காமல் இருந்தார்.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருவோம். ஒரே மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இரண்டு விஷயம் சொல்கிறார். மத்தேயு 5:16-ல், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது என்கிறார். கொஞ்சம் தள்ளி 6:1-ல், மனுஷர் காணவேண்டுமென்று அவர்களுக்கு முன்பாக உங்கள் தர்மத்தைச் செய்யாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். காண வேண்டுமா, கூடாதா? இரண்டையும் நிதானமாக வாசித்தால் முடிச்சு அவிழும். முதல் வசனம் முடிவது "பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி" என்ற நோக்கத்தில். இரண்டாவதில் எச்சரிக்கப்படுகிறவன் மனுஷரால் புகழப்பட வேண்டும் என்று தாரை ஊதிக்கொண்டு போகிறவன். செயல் ஒன்றாகவே இருக்கலாம், பெயர் யாருக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் இந்த வசனங்களைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். பயம் வரும்போது ஆறாம் அதிகாரத்தைக் காட்டி ஒளிந்துகொள்கிறோம், புகழ் வேண்டும்போது ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி மேடை ஏறுகிறோம். நமக்குக் கூச்சமாக இருக்கும் இடத்தில் ஐந்தையும், கைதட்டு கிடைக்கும் இடத்தில் ஆறையும் பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

நம் வேதத்தில் "மாயக்காரர்" என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் "ஹுப்போக்ரித்தேஸ்". அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் நாடக நடிகனுக்கு அதுதான் பெயர், அவர்கள் முகமூடி போட்டு நடிப்பார்கள். இயேசு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அவர் கண்டித்தது பலவீனமானவர்களை அல்ல. சகேயு ஊரை ஏமாற்றிச் சம்பாதித்தவன், அவனை மாயக்காரன் என்று சொல்லவில்லை. தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனையும் சொல்லவில்லை. விழுந்தவனுக்கு அந்தப் பெயர் இல்லை, விழாதவன்போல் முகமூடி போட்டுக்கொண்டவனுக்குத்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் பொய் சொன்னதால் மட்டும் மாயக்காரர் ஆகிவிடவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில்தான் அது தீர்மானமாகும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உதவியது கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பேதுரு அந்தியோகியாவுக்கு வந்தபோது புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாதாரணமாக அங்கே வந்து சேர்ந்தவர் இல்லை. புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டில் தேவன் பட்சபாதம் உள்ளவரல்ல என்று தன் வாயாலேயே சொன்னவர். ஆனால் யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பர்னபாகூட அந்த மாயத்தில் இழுபட்டுப்போனான் என்று பவுல் எழுதுகிறார். கவனியுங்கள், பேதுருவின் உபதேசம் மாறவில்லை, யாராவது கேட்டிருந்தால் சரியான பதிலைத்தான் சொல்லியிருப்பார். மாறியது அவர் உட்கார்ந்த இடம், அவ்வளவுதான். அந்த மேஜையிலிருந்து அவர் எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்த புறஜாதி சகோதரனுக்கு அது எத்தனை பிரசங்கத்தை அழித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இது நடந்த ஊரும் சாதாரண ஊர் இல்லை. அப்போஸ்தலர் 11:26-ன்படி, சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதலாக வழங்கியது அதே அந்தியோகியாவில்தான். அந்தப் பெயரைச் சீஷர்களே தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை, வெளியே இருந்து பார்த்தவர்கள் வைத்தது என்றுதான் வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, பார்த்துப் பெயர் வைத்த அதே ஊரில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே பேதுரு சறுக்கினார். பவுலும் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லாமல் எல்லாருக்கும் முன்பாகவே சொன்னார், தவறு எல்லாருக்கும் முன்பாக நடந்ததால்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் கற்றுக்கொண்டது வலியோடுதான். ஒரு கணக்குப் பிரிவில் பொறுப்பில் இருந்தேன். மேஜையில் வசன அட்டை, திரையில் வசனம், மாத ஜெபக்கூட்டத்துக்கு எல்லாரையும் அழைப்பதும் நான்தான். ஒரு மாதக் கடைசியில் ஒரு பட்டியலில் தொகை இடம் மாறி மேலிடத்துக்குப் போய்விட்டது. என் கீழே வேலை பார்த்த ஒரு பையனைக் கூப்பிட்டு, ஏழெட்டுப் பேர் இருந்த அறையில், நான் பேசிய பேச்சை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு கோப்பை எடுத்துப் பார்த்தால், அந்தத் தொகையை மாற்றி எழுதியது என் கையெழுத்து.

அன்று இரவு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனசு என்ன சொன்னது தெரியுமா? நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள், எல்லார் முன்னாலும் கேட்டால் உன் சாட்சி கெட்டுப்போகும் என்றது. சாட்சி கெட்டுப்போகும்! அந்தச் சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக நம் மானத்துக்குக் காவலாக வைத்துவிடுகிறோம். நான் காப்பாற்ற நினைத்தது கிறிஸ்துவின் பெயரை அல்ல, என் பெயரைத்தான். திட்டியது எல்லார் முன்னால், அவன் தலை குனிந்தது எல்லார் முன்னால், மன்னிப்பு மட்டும் ஏன் மூலையில்? மறுநாள் காலையில் அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது, "நேற்று நான் இவரைத் திட்டினேன். தப்பு என்னுடையது, இவருடையது அல்ல. தப்பு இவருடையதாக இருந்திருந்தாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அவனைப் பார்த்துச் சொன்னேன். வசனம் எதையும் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும். அவன் "பரவாயில்லை சார்" என்றான். மாதங்கள் கழித்து, அவன் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்து "உங்கள் சாமிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றான். நான் மேஜையில் வைத்த எந்த வசன அட்டையும் அந்தப் போனைக் கொண்டுவந்திருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உண்மையாக இருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள், உலகமெங்கும் பாடப்படும் "அமேசிங் கிரேஸ்" என்ற கிருபையின் பாடலை எழுதியவர். 1748-ல் கடலில் புயலில் சிக்கியபோது தேவனை நோக்கித் திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகி, 1754 வரை அந்தத் தொழிலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார், கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். அந்த மனுஷன் நடிக்கவில்லை, அவர் ஜெபம் உண்மையான ஜெபம்தான். ஆனாலும் ஒரு பக்கம் முழுக்கக் குருடாக இருந்தது. 1764-ல் போதகராக அபிஷேகம் பெற்றார், பேர்பெற்ற ஊழியக்காரர் ஆனார். 1788-ல்தான், கப்பலை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆனபிறகு, தான் செய்ததை எல்லாரும் வாசிக்கும்படி ஒரு சிறு பிரசுரமாக எழுதி அச்சிட்டார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். பிரிட்டனில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-ல் நிறைவேறியது, அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்தார். அவரது வாக்குமூலம் தாமதமானது என்று நான் நினைக்கிறேன், அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அது அவருடைய பெயருக்குக் களங்கம். ஆனால் நேரில் பார்த்தவன் வாயால், செய்தவன் வாயால் வந்ததால்தான் அந்தச் சாட்சிக்கு அவ்வளவு கனம் இருந்தது. நமக்குத் தெரியாத குருட்டுப்பக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. அதனால்தான் நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், மனைவியோ நண்பரோ போதகரோ, "என்னிடத்தில் எது உறுத்துகிறது, சொல்லுங்கள்" என்று அடிக்கடி கேட்க வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு நம் ஜெபத்தின் நீளம் தெரியாமல் இருக்கலாம், நம் குரலின் உயரம் நன்றாகத் தெரியும்.

அப்புறம், பேசுவதா வேண்டாமா என்ற விஷயம். 1 பேதுரு 3:15 இதற்கு நல்ல அளவுகோல். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்குச் சொல்வது என்றால், கேட்கும்படி ஏதோ ஒன்று நம் வாழ்க்கையில் முதலில் தென்பட்டிருக்க வேண்டும். அதோடு சாந்தம், வணக்கம் என்ற இரண்டையும் விட்டுவிட்டு உத்தரவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அதனால்தான் வாக்குவாதத்தில் ஜெயித்து ஆளை இழக்கிறோம். திங்கட்கிழமை "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், "சும்மா வீட்டில் இருந்தேன்" என்று சொல்லாதீர்கள். ஆராதனைக்குப் போனேன், நேற்று கேட்ட செய்தி மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று, சினிமா பார்த்தவர் சினிமாவைச் சொல்வதுபோல் இயல்பாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர் கேட்டால் மேலே சொல்லலாம், கேட்காவிட்டால் அவர் வார இறுதியைப் பற்றி நீங்கள் கேளுங்கள், கேட்டதை நினைவிலும் வையுங்கள்.

மறுப்புச் சொல்ல வேண்டிய இடமும் வரும். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று முன்னதாகவே தெரிந்ததும் அதில் ஓட மறுத்தார், நானூறு மீட்டருக்குப் பயிற்சி எடுத்து 47.6 விநாடியில் தங்கம் வென்றார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், நான் அதைவிட அதிகமாக நேசிப்பது அதன் பின்பகுதியை. சீனாவில் மிஷனரியாக இருந்தபோது ஜப்பானியர் நடத்திய வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார், 1945 பிப்ரவரியில் அங்கேயே மூளைக் கட்டியால் இறந்தார். அந்த முகாமில் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வேண்டாம் என்றுதான் முதலில் நின்றார். பிள்ளைகள் நடுவர் இல்லாமல் தாங்களாகவே விளையாடிச் சண்டையில் முடிந்ததைப் பார்த்ததும், அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். தங்கப் பதக்கத்துக்காக ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், சண்டைபோட்ட பிள்ளைகளுக்காக மைதானத்தில் நின்றார். தன் லாபத்துக்கு வளையாதவர் பிறர் நலனுக்கு வளைந்தார். நம்மில் பலரிடம் இது தலைகீழாக இருக்கிறது, நமக்கு வசதி என்றால் விட்டுக்கொடுப்போம், மற்றவருக்கு வேண்டும் என்றால் கொள்கை பேசுவோம்.

நற்கிரியைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். ரோமப் பேரரசன் யூலியான் கிறிஸ்தவத்தை வெறுத்தவன், பழைய கோவில் வழிபாட்டை மீட்க முயன்றவன். சுமார் 362-ல் அவன் கலாத்தியாவின் பிரதான பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள், நம்மவர்களுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்று வருத்தப்பட்டு எழுதினான். எதிரி எழுதிக்கொடுத்த சான்றிதழ் அது. இன்று நாம் உதவி செய்யும் கையோடு படம் எடுத்து அனுப்புகிறோம். வாங்குகிறவரின் முகம் தெரிய எடுத்த படம் என்றால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அவருடைய கஷ்டம் நம் சாட்சிக்குப் பின்னணித் திரை அல்ல.

இவ்வளவுக்கும் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவர் சொன்னார். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் உங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால், வெளியே நீங்கள் காட்டுவதெல்லாம் நினைவிலிருந்து நடிப்பதுதான், கொஞ்ச நாளில் களைப்பு வந்துவிடும். "சாட்சியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அறைக்கதவு எத்தனை நாளாகத் திறந்தே கிடக்கிறது என்று நான் கேட்பதுண்டு. அங்கே அழுதவனுக்கு வெளியே முகமூடி தேவைப்படாது. எல்லாம் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி யாருக்குப் பயந்து நல்லவன் வேஷம் போட வேண்டும்?

இப்போது உங்கள் போன் விஷயம். தகுதி வந்தபிறகு பேசுகிறேன் என்று காத்திருந்தால் அது வரவே வராது. தகுதியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். முதலில் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள். சரக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம், இருந்தாலும் கூப்பிட்டு, "அன்று அனுப்பிவிட்டோம் என்று சொன்னது உண்மை இல்லை, அப்போது அனுப்பியிருக்கவில்லை, என் தவறு" என்று சொல்லுங்கள். மேலதிகாரி அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தால் முதலில் அவரிடம் போய், இனி இப்படிச் சொல்ல என்னால் முடியாது, தாமதத்தை நான் வேறு விதமாகப் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு விலை இருக்கலாம். அது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று இங்கிருந்து என்னால் அளக்க முடியாது, ஆனால் சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றபோது அவனுக்கும் வலித்திருக்கும்.

அப்புறம், பக்கத்து இருக்கைக்காரர். அவர் தனியாக இருக்கும்போது அல்ல, அன்று இருந்தவர்கள் இருக்கும்போது, "அன்று நீங்கள் கேட்டீர்களே, கேட்டது சரிதான். நான் சொன்னது பொய், அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்" என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். "ஆனால் நாங்களும் மனிதர்கள்தானே" என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். அவர் சிரிக்கலாம், பேச்சை மாற்றலாம், ஒன்றுமே சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்து அடுத்த போனை எடுங்கள். அதில் கேட்பவரிடம், சரக்கு இன்னும் கிளம்பவில்லை என்றால் கிளம்பவில்லை என்றே சொல்லுங்கள்.